நெய்யில்லா விளக்கும் காற்றில்லாச் சக்கரமும்

தோற்றுவாய்

"ஒருமுறை வாங்கிவிட்டால் போதும், அதன்பின் அதற்கென்ன செலவு?" மிதிவண்டியைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்சு இதுவாகும். அது பெட்ரோல் கேட்பதில்லை. ஓட்டுநர் உரிமம் கேட்பதில்லை. காப்பீட்டுத் தொகை கேட்பதில்லை. நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்த பழங்காலமும் மலையேறிவிட்டது. ஆதலின் அதனைச் செலவில்லா ஊர்தி என்று பலரும் துணிந்து கூறுகின்றனர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. எஞ்சிய பாதியை எண்ணிப் பாராமையால் விளையும் தீங்கு சிறிதன்று. அதனை நம் மாணவர்களும் பெற்றோரும் ஆட்சியாளரும் உணர வேண்டும் என்னும் கருத்தாலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மிதிவண்டி பிறந்த ஊர்

சென்னையின் மேற்குப் புறநகர் மக்களுக்கு மிதிவண்டியைப் பற்றிப் பேசும் உரிமை மற்ற ஊராரைவிடச் சற்றே மிகுதியாக உண்டு. 1949ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரோடு கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அம்பத்தூரில் எழுந்த அதன் தொழிற்சாலையிலிருந்து 1951இல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்னும் பெயர்களும் பின்னர் அதனோடு சேர்ந்து நாடெங்கும் பரவின. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்ம பாணியிலான சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அதனையடுத்த பத்தாண்டுக்குள் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் உருவாயின. ஆலைச் சங்கு ஊதியதும் சாலையை நிறைத்துக்கொண்டு வரும் மிதிவண்டி வெள்ளத்தை, நாற்பது வயதைக் கடந்த இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க இயலாது. பூவிருந்தவல்லிக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லாமையால், சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்து அங்குப் பேருந்து ஏற வருவோருக்கும் மிதிவண்டியே கால்களாக இருந்தது.

அக்காலத்தில் தெருவுக்கொரு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. அரைமணிக்கு இவ்வளவு, ஒருமணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் வண்டி கிடைக்கும். காற்றடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் எண்ணெய் விடுவதும் கடைக்காரர் பொறுப்பு. ஓட்டுவோன் தந்த வாடகைக்குள்ளேயே பராமரிப்புச் செலவும் அடங்கியிருந்தது. வாடகைக் கடைகள் மறைந்து ஒவ்வொருவரும் சொந்த வண்டிக்காரர் ஆனபோது, வண்டியோடு அப்பொறுப்பும் ஒவ்வொரு வீட்டின் தலையில் வந்து சேர்ந்தது. வண்டி நம் கண்ணுக்குத் தெரிந்தது. பொறுப்போ கணக்கில் எழுதப்படாமலே போயிற்று.

உறுப்புகள் கேட்கும் கூலி

மிதிவண்டி எளிய பொறி என்பர். ஆயினும் பழைய இருபத்தெட்டு அங்குல வண்டி ஒன்றில் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என எழுபத்திரண்டு ஆரக்கம்பிகள் இருக்கும். பேச்சு வழக்கில் போக்ஸ் கம்பி எனப்படும் இவற்றுள் ஒன்று அறுந்தாலும், அதன் சுமையை அண்டைக் கம்பிகள் தாங்க வேண்டும். கவனியாது விட்டால் சக்கரம் கோணிப் பிரேக் கட்டையில் உராயும். பெண்டு எடுக்க வேண்டிய செலவு அப்போது வரும். சங்கிலியின் ஆணிகள் தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியை மாற்றாது ஓட்டினால், அது ப்ரீவீலின் பற்களையும் தின்றுவிடும். சங்கிலி ஒன்றோடு முடிய வேண்டிய செலவு மூன்று உறுப்புகளின் செலவாகப் பெருகும். சக்கரத்தின் நடுவே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய கிரீசை நீக்கிப் புதிய கிரீஸ் இடல் வேண்டும். இதற்குத்தான் ஓவராயில் என்று பெயர்.

எல்லாவற்றிலும் சிறியது வால்டியூப். ஒரு விரற்கடை நீளமுள்ள அந்த ரப்பர்க் குழாய் இற்றுப்போனால் சக்கரத்தில் காற்று நில்லாது. பெட்ரோல் நிலையங்களில் விலையின்றிக் காற்று அடித்துக்கொள்ளலாமே என்பார் உளர். அங்குள்ள குழாயின் முனை மோட்டார் வண்டிகளின் வால்வுக்கு ஏற்ப அமைந்தது. பழைய வகை மிதிவண்டி வால்வுக்கு அது நேராகப் பொருந்துவதில்லை. எண்ணெய் வாங்கும் வண்டிக்குக் கிடைக்கும் காற்று, எண்ணெய் வாங்காத வண்டிக்குக் கிடைப்பதில்லை. காற்றுக் குறைந்த சக்கரத்தோடு ஓட்டினால் டயரின் விலாப்புறம் வெடிக்கும். டியூப் கிள்ளுண்டு கிழியும். சில்லறைக் காசில் முடிந்திருக்க வேண்டிய பழுது நூற்றுக்கணக்கான ரூபாயில் வந்து நிற்கும். 1888இல் பெல்பாஸ்டு நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதுமுதல் உலகத்து மிதிவண்டிகள் மென்மையாக ஓடுகின்றன. பஞ்சர் என்னும் தீராத செலவும் அன்றுமுதல்தான் தொடங்கிற்று.

இவற்றோடு நம் பகுதிக்கே உரிய செலவு ஒன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலின்போதும் மேற்குப் புறநகரின் தெருக்கள் பல நாள்கணக்கில் நீரில் கிடந்தன. நீரில் மூழ்கிய மோட்டார் வண்டிக்குக் காப்பீடு உண்டு. மூழ்கிய மிதிவண்டிக்கோ காப்பீடும் இல்லை, அதனைக் கணக்கெடுப்பாரும் இல்லை. சேற்று நீர் அச்சுக்குள் புகுந்து கிரீசைக் கழுவிச் சென்றபின், குண்டுகள் துருப்பிடிப்பதற்குச் சில நாள்கள் போதும்.

ஓர் எளிய கணக்கு

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்குப் போகவரப் பத்துக் கிலோமீட்டர் வீதம் ஆண்டில் முந்நூறு நாள் ஓட்டுகின்றார் எனக் கொள்வோம். மொத்தம் 3,000 கிலோமீட்டர். உடற்சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும் பின்சக்கரத்துக்கு ஒரு டயர், டியூப் இரண்டு, பிரேக் கட்டைகள், ஓவராயில் ஒன்று, பஞ்சர் ஆறு, எண்ணெயும் பிற சில்லறைகளும் என்று கூட்டினால், இற்றை நாளில் ஏறத்தாழ ரூ.1,500 ஆகும். கடைக்குக் கடை இது சற்றே கூடும், குறையும். அதே தொலைவை ஒரு லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் மோட்டார் வண்டியில் கடக்க 60 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டுமே ரூ.6,000 ஆகிவிடும். பழுதுபார்ப்பும் காப்பீடும் கடன் தவணையும் வேறு.

எனவே மிதிவண்டி மலிவானது என்பதில் ஐயமில்லை. நான்கில் ஒரு பங்குச் செலவுதான். ஆனால் மலிவு என்பது வேறு, செலவின்மை என்பது வேறு. ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்று ஒதுக்கி வைப்பவர் வீட்டில் மிதிவண்டி பத்தாண்டு ஓடும். செலவே இல்லை என்று நம்பியவர் வீட்டில் அது இரண்டாண்டில் சுவரோரம் சாய்ந்துவிடும். இவ்விரு வீடுகளுக்கும் இடையே உள்ளது வண்டியின் தர வேறுபாடு அன்று, எண்ணத்தின் வேறுபாடேயாகும்.

அச்செலவு வரும் முறையையும் நோக்க வேண்டும். மாதச் சம்பளம்போல் நாள் குறித்து அது வருவதில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் புறப்படும் வேளையில் பஞ்சராக வந்து நிற்கும். கையில் ஐம்பது ரூபாய் இருப்பவருக்கு அது அரைமணி நேரத் தொல்லை. இல்லாதவருக்கோ ஒருநாள் படிப்பு அல்லது ஒருநாள் கூலி. தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு வேலை செய்யும் பெண்ணொருத்தி வேலைக்குச் செல்ல இயலாது போனால், அந்தப் பஞ்சரின் உண்மையான விலை ஐம்பது ரூபாய் அன்று, அன்றைய கூலி முழுமையும் ஆகும். வசதி குறைந்தவர் தரம் குறைந்த டயரையே வாங்குகின்றார். அது விரைவில் தேய்கின்றது. மீண்டும் அதனையே வாங்குகின்றார். ஈராண்டில் நல்ல டயரின் விலையை அவர் கடந்துவிடுகின்றார். வறியவனே மிகுதியாகச் செலவழிக்க நேரும் இந்த முரண் மிதிவண்டியில் தெளிவாகத் தெரிகின்றது.

1948இல் இத்தாலியின் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'மிதிவண்டித் திருடர்கள்' என்னும் திரைப்படத்தை அறிந்தவர் பலர். வண்டி திருட்டுப் போவது அனைவர் நினைவிலும் நிற்கும். அதற்கு முன்னரே வேறொரு செய்தி அதில் இருக்கின்றது. கதைத் தலைவனுக்கு வேலை கிடைக்கின்றது. மிதிவண்டி இருந்தால்தான் அவ்வேலை. வண்டியோ அடகுக் கடையில் இருக்கின்றது. மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைத்து அதனை மீட்டுத் தருகின்றாள். வண்டியை வைத்திருப்பதற்கே ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கின்றது என்பதை அக்காட்சி உரைக்கின்றது. இது ரோமாபுரிக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களுள் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. கார் வைத்திருந்தோர் 4.7 விழுக்காட்டினரே. இத்துணைப் பெருந்தொகையினரின் ஊர்திக்கு ஆகும் பராமரிப்பைப் பற்றி நம் ஏடுகளில் எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

கொடுத்த கை

தமிழகம் மிதிவண்டியின் அருமையை அறியாத நாடன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும் வேளாண் கூலிப் பெண்களும் தாமே வண்டி ஓட்டிச் சென்ற செய்தியை இதழாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் பிற மாணவருக்கும் அது விரிந்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. அதனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்ததென்று 2017இல் வெளியான தம் ஆய்வில் காட்டினர். மிதிவண்டி ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

எனினும் ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. பதினாறு வயதுப் பெண்ணிடம் புத்தம் புதிய வண்டியை ஒப்படைக்கும் நாம், அதன் முதல் பஞ்சருக்கு என்ன வழி சொல்லி அனுப்புகின்றோம்? திருகுச்சாவி ஒன்றைக் கொடுக்கின்றோமா? பஞ்சர் ஒட்டக் கற்றுக் கொடுக்கின்றோமா? யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் நிலையன்றோ இது?

முன்னோர் அறிந்த நெறி

கொடையைப் பற்றி நம் முன்னோர் இவ்வாறு எண்ணவில்லை என்பதற்குக் கல்வெட்டுகளே கரி. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்கக் கொடை அளித்தோர், விளக்கை வைத்துவிட்டுப் போய்விடவில்லை. விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று கணக்கிட்டுக் கொடுத்தனர். அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடிகள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். முதிர்ந்த ஆடுகள் இறந்தாலும் குட்டிகள் பெருகுமாதலின், மந்தையின் தொகை குறையாது. ஆகவே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. விளக்கைக் கொடுத்தவன் நெய்க்கும் வழி செய்தான். நெய் அளப்பவனின் பிழைப்புக்கும் வழி செய்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்னும் அமைப்பைக் காண்கின்றோம். ஏரியை வெட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதாமல், ஆண்டுதோறும் அதனைக் காப்பதற்கென ஊரார் ஆள்களைத் தேர்ந்தெடுத்தனர்.

வக்ஃபு முறையிலும் இந்நெறியே விளங்குகின்றது. அறத்துக்கென ஒதுக்கப்பட்ட சொத்தின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தைச் செப்பமாக வைத்திருப்பதற்கே உரியது என்பது இசுலாமியச் சட்டநூலார் துணிபு. கொடையாளர் அதனை எழுதி வைக்காவிடினும் அப்பொறுப்பு நீங்காது. கட்டடம் இடிந்துவிட்டால் அறம் எங்கே நிற்கும் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. ஆக, நம் மண்ணில் தழைத்த இரு மரபுகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. பராமரிப்பைச் சேர்த்து எண்ணாத கொடை முழுமையான கொடையாகாது.

இற்றை உலகிலும் இதற்குச் சான்றுகள் உள. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இலங்கையில் மிதிவண்டிகள் வழங்கும் பணியில் பிறந்தது வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்னும் தொண்டு நிறுவனம். பின்னர் அது ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றபோது, வண்டிகளைக் கொடுப்பதோடு நில்லாமல் ஊர்தோறும் பழுதுநீக்குநரைப் பயிற்றுவித்துக் கருவிகளும் அளித்தது; உதிரி உறுப்புகள் கிடைக்கவும் வழி செய்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் பிரெஞ்சு அரசு மிதிவண்டி ஒன்றின் பழுதுநீக்கத்துக்கு ஐம்பது யூரோ வரை உதவியது. அதே ஆண்டில் பிரிட்டன் ஐம்பது பவுன் மதிப்புள்ள பழுதுநீக்கச் சீட்டுகளை வழங்கியது. வீட்டில் உறங்கும் பழைய வண்டியை எழுப்பினால் புதிய வண்டி வாங்கும் செலவு மிச்சம் என்பதை அவ்வரசுகள் உணர்ந்திருந்தன.

மறையும் கைகள்

பராமரிப்பின் விலை பணம் மட்டுமன்று. பழுது பார்க்கும் கைகளும் வேண்டும். மரநிழலில் தண்ணீர்த் தொட்டியும் காற்றுப் பம்பும் உப்புத்தாளும் சொல்யூஷன் குழாயுமாக அமர்ந்திருந்த முதியவர்கள் நம் புறநகர்ச் சாலைகளில் அருகி வருகின்றனர். சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் இடம் பெயர்பவர் அவர்களே. மிதிவண்டி ஓட்டுவோர் குறைந்தமையால் வருவாய் குன்ற, மோட்டார் வண்டிப் பஞ்சருக்கு மாறியோர் பலர். கடை ஒன்று மூடப்பட்டால், அடுத்த கடைக்குக் காற்றில்லா வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியுள்ளது. அவ்வாறு நடந்து சலித்தவர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிடுகின்றார். ஓட்டுவோர் தொகை மேலும் ஒன்று குறைகின்றது. எஞ்சிய கடைக்காரரின் வருவாயும் அவ்வளவுக்குக் குறைகின்றது. ஒன்றையொன்று இழுத்து வீழ்த்தும் இச்சுழலைத் தடுப்பார் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் உறுப்புகளுக்கும் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இது வரவேற்கத் தக்கதே. ஆயின் டயரின் விலை குறைந்தாலும் அதனை மாட்டித் தருவார் அண்மையில் இல்லையேல் பயன் முழுமை பெறாது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம், பொருள் விற்போரை மட்டுமன்றித் தெருவோரத்தில் பொதுமக்களுக்குச் சேவை புரிவோரையும் தன் வரையறைக்குள் கொள்கின்றது. ஆகவே பஞ்சர் ஒட்டும் முதியவருக்குச் சாலையோரத்தில் ஓர் இடம் ஒதுக்குதல் சலுகையன்று. சட்டம் காட்டும் வழியேயாகும். 2011இல் அம்பத்தூரைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட சென்னை மாநகராட்சியும், 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த ஆவடியும், பூவிருந்தவல்லி நகராட்சியும் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

தடையும் விடையும்

விலையின்றி வண்டியும் கொடுத்து அதன் பஞ்சருக்கும் அரசே பணம் தர வேண்டுமா என்று சிலர் சினந்து வினவுவர். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. அங்கு அரசு ஈடு செய்வது பேருந்து வாங்கும் விலையை அன்று, அன்றாடம் அதனை ஓட்டும் செலவை. பேருந்துக்கு ஒப்புக்கொண்ட நெறியை மிதிவண்டிக்கு மறுப்பது எவ்வாறு பொருந்தும்? பேருந்தின் ஓட்டச் செலவோடு ஒப்பிட்டால் மிதிவண்டியின் ஓட்டச் செலவு கடுகளவே.

மாணவர்கள் வண்டியை விற்றுவிடுகின்றனரே என்பது அடுத்த தடை. விற்பவரும் இருக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடாத வண்டியை வீட்டில் வைத்து ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? இடத்தை அடைத்துக்கொண்டு துருப்பிடிக்கும் இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போடுதல் இயல்பன்றோ? ஓடும் வண்டியை விற்பவர் சிலர். ஓடாமற் போனதால் விற்பவர் பலர் என்பதே என் கருத்து. வண்டி ஓடிக்கொண்டே இருக்க வழி செய்துவிட்டுப் பின்னர் மாணவரைக் குறை கூறுவோம்.

மிதிவண்டியின் காலம் முடிந்துவிட்டது என்பார் மூன்றாமவர். காலை வேளையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உட்சாலைகளிலும் ஆவடி நிலையத்தின் அருகிலும் நின்று பார்ப்பவர் இவ்வாறு கூறார். காவலாளிகளும் உணவகப் பணியாளரும் வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞரும் மிதித்துக்கொண்டேதான் வேலைக்குப் போகின்றனர். காலம் முடிந்தது வசதி பெற்றோருக்கு மட்டுமே. அவ்வசதியுங்கூடப் பலருக்குக் கடன் தவணையால் வந்தது. பராமரிப்புக்கு ஆயிரத்தைந்நூறு இல்லையென்று மிதிவண்டியைக் கைவிட்ட இளைஞன், மாதந்தோறும் அதனினும் மிகுந்த தொகையை மோட்டார் வண்டிக் கடனுக்குக் கட்டுகின்றான். இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று கணக்கெழுதும் முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் வேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, விலையில்லா மிதிவண்டியோடு மூன்றாண்டுக்குரிய பழுதுநீக்கச் சீட்டுப் புத்தகம் ஒன்றும் வழங்கப்படல் வேண்டும். ஊரிலுள்ள சிறு கடைக்காரரிடம் அதனைக் கொடுத்துப் பழுது நீக்கிக்கொள்ளவும், கடைக்காரர் அதனைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் வழி இருத்தல் வேண்டும். மாணவியின் வண்டியும் ஓடும். கடைக்காரரின் அடுப்பும் எரியும். தொண்ணூற்றாறு ஆடுகளின் இற்றைநாள் வடிவம் இதுவே.

இரண்டாவதாக, வண்டி வழங்கும் நாளிலேயே பள்ளியில் அரைநாள் பயிற்சி நடத்துதல் வேண்டும். பஞ்சர் ஒட்டுதல், சங்கிலியை ஏற்றி இறுக்குதல், பிரேக்கைச் சரிசெய்தல், வால்டியூப் மாற்றுதல் ஆகிய நான்கும் போதும். இவை ஆண்களின் வேலை என்று ஒதுக்காமல் மாணவியருக்கே முதலிற் கற்பித்தல் இன்றியமையாதது. தன் வண்டியைத் தானே பழுது நீக்கத் தெரிந்த பெண் சாலையில் எவரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, தொடர்வண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் மிதிவண்டிக்கு நிறுத்தக் கட்டணம் வாங்குதல் கைவிடப்படல் வேண்டும். நாள்தோறும் ஐந்து, பத்து எனக் கொடுக்கும் காசு ஆண்டு முடிவில் பராமரிப்புச் செலவையே மிஞ்சிவிடும். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் முந்நூறு நாளுக்கு ரூ.1,500 அன்றோ?

நான்காவது கல்லூரிகளின் கடமை. அரசு செய்யட்டும் என்று காத்திராமல், நம் போன்ற நிறுவனங்கள் இன்றே தொடங்கத் தக்கது இது. வண்டி நிறுத்துமிடத்தில் நல்ல காற்றுப் பம்பு ஒன்று, திருகுச்சாவித் தொகுதி ஒன்று, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்று ஆகியவற்றை வைத்தல் பெருஞ்செலவன்று. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலகு இல்லாத கல்லூரி அரிது. கல்லூரி திறக்கும் சூன் திங்களிலும், மழைக்காலம் ஓய்ந்த சனவரித் திங்களிலும், அவ்வலகின் மாணவர்கள் அண்டை ஊர்களில் மிதிவண்டிப் பழுதுநீக்க முகாம் நடத்தலாம். ஊரிலுள்ள மூத்த பழுதுநீக்குநரை அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்போடு அமர்த்தி, அவரிடம் கற்கலாம். மேடையில் பொன்னாடை போர்த்தப் பெறாத அக்கைவினைஞர்கள் நம் மாணவருக்கு ஆசானாகும் நாள், கல்லூரிக்கும் பெருமை தரும் நாளாக அமையும்.

முடிவுரை

பொருள்களை வாங்குவதில் நாம் காட்டும் ஊக்கத்தைக் காப்பதில் காட்டுவதில்லை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேரும். கிரீஸ் இடும் வேலைக்கு ஒருவர்கூட வருவதில்லை. மிதிவண்டி இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு மட்டுமே. நூலகத்துக்கும் ஏரிக்கும் வகுப்பறைக்கும் இது பொருந்தும். எனினும் மிதிவண்டியில் இக்குறை விரைவில் வெளிப்படுகின்றது. அதனால் வாடுவோர் கேட்கும் குரல் அற்றவராகவும் இருக்கின்றனர்.

செலவில்லா ஊர்தி என்று இனி எவரும் கூற வேண்டா. சிறுசெலவு ஊர்தி என்று கூறுவோம்; அச்சிறுசெலவை யார் தருவது என்பதையும் உடன் பேசுவோம். நம் பகுதியின் வீடுகளில் படிக்கட்டுக்கு அடியிலும் மாடி வராந்தாவிலும் தூசு படிந்து நிற்கும் மிதிவண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தேவை ஒரு டியூப், ஒரு சங்கிலி, ஒரு மணி நேர உழைப்பு. இதனைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் வரும் விடுமுறையில் தம் தெருவில் அத்தகைய வண்டி ஒன்றை மீண்டும் ஓடச் செய்வாராயின், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைக்கும் நற்பயனாகும்.